பிள்ளைப்பெறுக்குப் போகிற கரவன்

அத்தியாயம் ஒன்பது

"இஞ்சை இடமில்லை" என்று சொன்ன மகளுக்கு, அந்த இடத்தையே காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போவது என்று ஒரு தாய் முடிவெடுத்துவிட்டால் அவரை மறிக்க ஒஸ்லோவில் யாரால் முடியும்? கணவர் முயன்று பார்த்தார், முடியவில்லை. தம்பி முயலவேயில்லை, கூடச் சேர்ந்துகொண்டார். கடைசியில் மறித்தது ஒரு எடைத்தட்டு. அந்தச் சனிக்கிழமையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

எட்டு வாரமாகக் கூட வருகிறவர்களுக்கு இந்திராதேவியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இன்றுதான் வந்து குந்தியவர்களுக்காக நாலு வரி.

இந்திராதேவிக்கு ஐம்பத்திரண்டு வயது. மோர்டென்ஸ்ருட்டில் வீடு, முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. ஒரே மகள் நிரோஜா ஐந்நூறு கிலோமீற்றர் தள்ளி, துரொண்ட்ஹைமில், புருசன் ரதீஸோடு ஒற்றை அறை வீட்டில் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் தாதி வேலை. ஜூன் நடுப்பகுதியில் பிள்ளை பிறக்கும் என்று நாள் கொடுத்திருக்கிறார்கள். "பிள்ளைப்பெறு பார்க்க வரட்டே?" என்று தாய் கேட்டபோது மகள் சொன்ன பதில்தான் மேலே முதல் வரியில் இருக்கிறது.

பிள்ளைப்பெறு பார்ப்பது என்றால் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வருவது அல்ல. முப்பத்தொரு நாள் மகளோடு நிற்கவேண்டும். மிளகு, சீரகம், வேர்க்கொம்பு என்கிற சுக்கு அரைத்துச் சரக்குக் கறி வைக்கவேண்டும். பால் ஊறப் பால்சுறா வறை, உடம்பு தேற உள்ளிப்பூண்டு, முழுகுவதற்கு வேர் அவித்த தண்ணீர். ஒற்றை அறைக்குள் முப்பத்தொரு நாள் சுறாவும் உள்ளியும் அவிந்தால் நிரோஜா சொல்வது போல அந்த மாடி முழுக்க எழும்பி வந்து கதவைத் தட்டும். அதுவும் நியாயம்தான்.

"இடமில்லையெண்டால் இடத்தையும் கொண்டு வாறன்," என்றார் இந்திராதேவி. மகளிடம் அல்ல. போனை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்த கிழமையே திராமனில் ஒரு நோர்வேக்காரரின் வளவில், காருக்குப் பின்னால் இழுக்கிற சக்கர வீடான அந்தக் கரவனைக் கண்டுபிடித்தார். கட்டில் இரண்டு, காஸ் அடுப்பு ஒன்று, மடக்கு மேசை ஒன்று. 1972இல் செய்தது. பன்னிரண்டு வருடமாகத் தரப்பாளுக்குக் கீழே கிடந்திருந்தது. வெளித்தகரம் நல்ல நிலையில் இருந்தது. உள்ளே பின்மூலை உக்கி, விரலால் குத்தினால் மரம் மாவாக உதிர்ந்தது. கணவர் குலேந்திரன் வந்து பார்த்தார், "உனக்கு விசர்" என்று ஒரு தரம் சொன்னார், அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. முப்பது வருடக் குடித்தனத்தில் மனிதர் அவ்வளவாவது பழகியிருந்தார்.

கூட நின்றவர் தம்பி வரதராசா. பியோர்ண்டாலில் இருக்கிறார். வீடு வீடாகப் போய்க் குளியலறைகளுக்கு ரைல்ஸ் பதிப்பது அவர் தொழில். தொழிலை மறந்துவிடாதீர்கள், இன்றைய வில்லங்கம் முழுக்க அதிலிருந்துதான் கிளம்பியது. ஒன்பது வார இறுதிகள் அக்காவும் தம்பியும் அந்தக் கரவனோடு மல்லுக்கட்டினார்கள். உக்கியதைக் கழற்றிப் புது மரம் வைத்தார்கள், யன்னல் ரப்பர் மாற்றினார்கள், கூரையின் ஒழுக்கை அடைத்தார்கள். திரைச்சீலை தைத்தது இந்திராதேவி. கிறீம் நிறமும் பச்சைக் கோடும் அடித்தது தம்பி.

மகளுக்கு மட்டும் இது ஒன்றும் தெரியாது. போய் வாசலில் நின்றால் துரத்தவா போகிறாள்? இதுதான் இந்திராதேவியின் திட்டம். இடம்தான் பிரச்சினையா, வேறு ஏதாவதா என்று மகளிடம் கேட்கிற வேலையை அவர் வைத்துக்கொள்ளவில்லை. ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். நமக்கும் இன்றைக்குத் தெரியவரும்.

*

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. பியோர்ண்டால் வாகனத் தரிப்பிடத்தில் வரதராசா கரவனை அக்காவின் பழைய ஸ்டேஷன் வாகனில் கொளுவினார். கொளுவியதும் காரின் பின்பக்கம் பொசுக்கென்று கீழே இறங்கியது.

வரதராசா சுற்றிவந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"அக்கா, பின்பக்கம் பதியுது."

"பதியாமல் பறக்குமே? வீட்டையெல்லே இழுக்குது."

"இல்லை, கொஞ்சம் கூடப் பதியுது போலை. எதுக்கும் ஒருக்கா நிறுத்துப் பாப்பம். போற வழியிலை டோவ்ரே மலை ஏறமுதல் பொலிஸ் மறிச்சு நிறுத்தாங்களெண்டால் கரைச்சல்."

"நிறுப்பமே. எனக்கென்ன பயம்? களவெடுத்த சாமானே உள்ளுக்கை கிடக்கு?"

கரவனுக்குள் கிடந்த சாமானையும் சொல்லிவிடுகிறேன். இருபது கிலோ அரிசி. சரக்குத்தூள் இரண்டு பெரிய போத்தல். நல்லெண்ணெய். வேர் அவிக்க ஓர் அண்டா. மகள் முழுகிய பிறகு சாம்பிராணி போடத் தூபக்கால். கடையில் சொல்லி எடுத்த பால்சுறா பனிக்கட்டிப் பெட்டியில் வீட்டில் இருந்தது, அது புறப்படுகிற அன்றைக்குத்தான் ஏறும். ஒரு மாதத்துக்கு ஒன்றும் வாங்காமல் சமாளிக்கலாம் என்று இந்திராதேவிக்குப் பெருமை.

காரை அவரே ஓட்டினார். "நான் ஓட்டுறன் அக்கா" என்று தம்பி கேட்டதற்கு, "துரொண்ட்ஹைமுக்கு நீயே வரப்போறாய்?" என்று திருப்பிக் கேட்டார். கரவனை இழுத்து ஓட்டுவது அவருக்கு அன்றுதான் முதல் தடவை. முதல் சுற்றுவட்டத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவதில் விட்டார். மூன்றாவதில் கண்ணாடியைப் பார்த்து, பின்னால் வருகிற பச்சைக் கோட்டைக் கண்டு சிரித்தார்.

"வடிவாத்தான் வருகுதடா."

"ஆர் அடிச்ச பெயின்ற்?" என்றார் வரதராசா.

மணலும் சல்லியும் விற்கிற ஓர் இடம் நகரத்துக்கு வெளியே இருந்தது. லொறிகள் ஏறி நிறுக்கிற பெரிய தட்டு அங்கே உண்டு. வரதராசா மணல் வாங்கப் போகிற இடம் என்பதால் எடைக்காரரோடு தலையாட்டுகிற பழக்கம். அறுபது வயதிருக்கும் அந்த மனிதர் ஒரு கையில் கோப்பிக் கோப்பையோடு வந்து, கரவனைத் தட்டில் விட்டுவிட்டுக் காரைக் கழற்றி முன்னால் எடுக்கச் சொன்னார். கரவனின் பத்திரத்தையும் வாங்கிப் பார்த்தார்.

பத்திரத்தில், சாமானெல்லாம் சேர்த்து இந்தக் கரவன் ஆயிரம் கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று எழுதியிருந்தது. தட்டில் விழுந்த இலக்கம் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு.

இந்திராதேவி இலக்கத்தைப் பார்த்தார். எடைக்காரரைப் பார்த்தார். இந்திராதேவியின் நொஸ்க் மொழி, கோபம் வந்தால் இன்னும் திறமாக வரும்.

"உங்களுடைய தட்டு பிழை."

"காலையிலிருந்து இருபது லொறி ஏறி இறங்கியது," என்றார் எடைக்காரர். "அவர்கள் ஒருவரும் சொல்லவில்லை."

"அரிசி கிடக்கு. அண்டா கிடக்கு. அதுதான் கூடக் காட்டுது."

"சரி, இறக்குங்கள்."

இறக்கினார்கள். அரிசி, எண்ணெய், அண்டா, தூபக்கால், தண்ணீர்க் கான் இரண்டு, தலையணை முதற்கொண்டு இறக்கினார்கள். கரவன் வெறும் கரவனாக நின்றது. தட்டு ஆயிரத்து நூற்று முப்பது என்றது.

எடைக்காரர் இப்போது உண்மையிலேயே யோசிக்கத் தொடங்கிவிட்டார். இந்த அளவுக் கரவன்கள் வெறுமையாக எண்ணூறு கிலோவுக்கு மேல் வராது என்றார். படியில் ஏறிக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு குனிந்து, கையிலிருந்த பேனையால் தரையைத் தட்டினார். டொக் டொக் என்று கேட்டது.

"இது என்ன, குளியலறையா?"

வரதராசா அப்போதுதான் கண்ணை மூடினார்.

நடந்தது இதுதான். மூன்று வாரத்துக்கு முன்னர் தரை வேலை வந்தபோது இந்திராதேவி ஒரேயொரு விஷயம் கேட்டிருந்தார். "தம்பி, எண்ணெயும் மஞ்சளும் சிந்தும். கழுவித் துடைக்கிற நிலமா வேணும்." வரதராசா, "என்னட்டை விடுங்கோ அக்கா" என்றார். ஒரு ரைல்ஸ்காரனிடம் இதைச் சொன்னால் அவன் என்ன செய்வான்? பழைய பிளாஸ்டிக் விரிப்பைச் சுருட்டி எறிந்தார். அதற்குக் கீழே இருந்த மெல்லிய பலகையைப் பார்த்து, "வெள்ளைக்காரன் அண்டைக்கே பேய்க்காட்டி ஏமாத்தியிருக்கிறான்" என்றார். அதன்மேல் கனத்த பலகை அடித்து, சீமெந்துப் பசை பூசி, ஆறு நாள் பின்னேரங்களில் முழங்காலில் நின்று, மூலைக்கு மூலை ஒரு நூல் பிசகாமல் சாம்பல் நிற ரைல்ஸ் பதித்தார். பதித்து முடித்த அன்று இருவரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்து பார்த்தார்கள். காலுக்குக் குளுகுளுவென்று இருந்தது. "இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு," என்று இந்திராதேவி சொன்னார்.

பாருங்கள், அந்தச் சொல்லில்தான் பிழை. எங்கள் ஆட்களுக்கு வீடு என்றால் ஆயுளுக்கும் அசையாமல் நிற்கவேண்டும். இது அசைவதற்கென்றே செய்த சாமான். அது அக்காவுக்கும் தோன்றவில்லை, தம்பிக்கும் தோன்றவில்லை, இந்த ஒன்பது வாரமும் வேலியால் எட்டிப் பார்த்து 'நல்ல வேலை' என்று புகழ்ந்துவிட்டுப் போன எங்கள் சனத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நீங்கள் வந்ததை நான் பார்க்கவில்லை," என்றார் எடைக்காரர். "ஆனால் இப்படியே திரும்பிப் போனால் பார்த்துவிடுவேன். இரண்டு மணிக்குப் பூட்டுவேன். அதுவரை அந்த மூலையில் வைத்து என்ன செய்வதென்றாலும் செய்யுங்கள். கல்லுக் கொட்டுகிற பெட்டி பக்கத்திலேயே இருக்கிறது."

கடைசி வசனத்தை அவர் சிரிக்காமல்தான் சொன்னார்.

*

மூலைக்குக் கரவனை இழுத்து நிறுத்தினார்கள். மணி பதினொன்று.

"உடை," என்றார் இந்திராதேவி.

"என்னத்தை?"

"ரைல்ஸை."

வரதராசாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "அக்கா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. அரிசியை அங்கை வாங்கலாம். அலுமாரியைக் கழட்டுவம். ரெண்டு கட்டில் என்னத்துக்கு, ஒண்டைக் கழட்டுவம்."

"அதுகளையும் கழட்டு. ரைல்ஸையும் உடை. எல்லாம் போனால்தான் ஆயிரத்துக்கை வரும்."

"ஆறு நாள் முழங்காலிலை நிண்டனான்!"

"நான் இல்லையெண்டே சொன்னனான்? அதுக்கென்ன செய்ய, ரைல்ஸுக்கே நான் பிள்ளைப்பெறு பார்க்கப்போறன்?"

வரதராசா காருக்குப் போய்ச் சுத்தியலும் உளியும் எடுத்துவந்தார். தொழிற்காரன் கை, எங்கே போனாலும் ஆயுதம் கூடவே வரும். உள்ளே குந்தினார். உளியை முதல் ரைல்ஸின் ஓரத்தில் வைத்தார். ஆனால் அடிக்க மனம் வரவில்லை. உளியைக் கீழே வைத்துவிட்டு, வாசலில் நின்ற அக்காவை நிமிர்ந்து பார்த்தார். கோபமும் கவலையுமாக ஒரு பார்வை.

"ஒண்டு கேட்கிறன், கோவிக்காதேங்கோ. அவள் உங்களை வரச்சொன்னவளே?"

"இடமில்லையெண்டாள். இடத்தைக் கொண்டுபோறன்."

"அவள் சொன்னது வீட்டை இல்லை அக்கா."

இந்திராதேவி கதவுப் பிடியில் ஒட்டியிருந்த பெயின்றைச் சுரண்டினார்.

"அவளுக்கு முதல் பிள்ளை அழிஞ்சபோது நானும் ஆஸ்பத்திரியிலை நிண்டனான். நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது. அவள் கட்டிலிலை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததும் தெரியும். மூண்டு மாசத்திலை ஒஸ்லோவை விட்டிட்டுத் துரொண்ட்ஹைமுக்குப் போட்டாள். நீங்கள் ரெண்டு வருசமா அதைப் பற்றி ஒரு கதை கதைக்கேல்லை. இப்ப அவளைக் கேளாமல் அவளின்ரை வாசலிலை கொண்டுபோய் ஒரு வீட்டை நிப்பாட்டப் போறீங்கள். அவள் கதவைத் திறக்காட்டி? முப்பத்தொரு நாளும் உதுக்குள்ளை இருந்து தனியச் சமைச்சுத் தின்னுவீங்களே?"

சொல்லி முடித்ததும் வரதராசாவுக்கே பயமாகிவிட்டது. அக்காவோடு இப்படி அவர் வாழ்நாளில் கதைத்ததில்லை.

ஆஸ்பத்திரியில் இந்திராதேவி சொன்னது ஒரு வசனம். நாலு மாதத்தில் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுக் கிடந்தவளிடம், "வயித்திலை பிள்ளையோடை நைட் டியூட்டி செய்தால் உதுதான் நடக்கும்" என்று சொன்னார். கையில் ரசம் கொண்டுபோயிருந்தார். அந்தப் போத்தலை மேசையில் வைத்தபடியே சொன்னார். சொன்ன அதே நிமிடம் தெரிந்தது, சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று. ஆனால் திருப்பி எடுக்க வாய் வரவில்லை. நாளைக்கு எடுக்கலாம் என்று நினைத்தார். அந்த நாளை இரண்டு வருடமாகியும் வரவில்லை.

"எனக்குத் தெரியாதெண்டே நினைச்சனீ?" என்றார் இந்திராதேவி. "எல்லாம் தெரியும். போய்ச் சமைச்சுக் குடுத்தால் அதோடை சரியாப்போடும் எண்டு நினைச்சனான். வாயாலை சொல்லத் தெரியேல்லை, அதுதான் இவ்வளவையும் கட்டினனான். போதுமே?"

"போன் உங்கட கையிலைதான் கிடக்கு," என்றார் வரதராசா.

பிறகு குனிந்து, ஓங்கி ஒரு அடி அடித்தார். முதல் ரைல்ஸ் நாலாகப் பிளந்தது.

*

இந்திராதேவி அரிசி மூட்டையின்மேல் உட்கார்ந்து மகளுக்கு அழைத்தார். நாலாவது தடவை மணியடித்தபோது நிரோஜா எடுத்தாள்.

"என்ன அம்மா, காலங்காத்தாலை?"

"பதினொண்டரை ஆச்சுது பிள்ளை."

"இரவு டியூட்டி முடிச்சு இப்பத்தான் படுத்தனான். அதென்ன சத்தம், எங்கை நிக்கிறீங்கள்?"

"மாமா ரைல்ஸ் உடைக்கிறார்." இந்திராதேவி திரும்பிக் கத்தினார். "டேய், கொஞ்சம் நிப்பாட்டு!"

சத்தம் நின்றது. அதன் பிறகு சொல்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. திராமனில் கரவன் வாங்கியது, ஒன்பது வாரம் திருத்தியது, மகளின் வீட்டுக்குக் கீழே வாகனம் விடுகிற இடத்தில் நிறுத்தி, அதிலேயே படுத்து அதிலேயே சமைத்து, சாப்பாட்டை மட்டும் மேலே கொண்டுவந்து தருவது என்ற திட்டம், எடைத்தட்டு, நூற்றுத் தொண்ணூறு கிலோ, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார்.

"நிரோஜா?"

"கேக்குது."

"அதுக்காக எடுக்கேல்லை. வேறை ஒண்டு சொல்லத்தான் எடுத்தனான். அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை நான் சொன்னது பிழை. உன்னிலை ஒரு பிழையும் இல்லை. உன்ரை வேலையிலையும் பிழையில்லை. எனக்குப் பேரப்பிள்ளை போன துக்கம். அதை ஆரிலையாவது போடவேணும் போலை இருந்தது. உன்னிலை போட்டனான். படுத்த படுக்கையிலை கிடந்த பிள்ளையிலை போட்டனான். அதுக்கு நீ என்னை என்ன செய்தாலும் தகும்."

நிரோஜா அழுவது கேட்டது. மகள் அழுவதை இந்திராதேவி கேட்டுப் பல வருடம். வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள் என்பது கேட்கிற விதத்திலேயே தெரிந்தது.

"ரெண்டு வருசம் அம்மா."

"ஓம்."

"ஒவ்வொரு இரவும் டியூட்டிக்குப் போகேக்கை உங்கட குரல்தான் காதிலை கேக்கும். இந்த முறையும் வயித்திலை பிள்ளையோடைதான் போறன். எத்தினையோ பேர் சொன்னவை, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லையெண்டு. எனக்கே தெரியும். தெரிஞ்சும் பயம். ஒவ்வொரு முறையும் வயித்தைத் தொட்டுப் பார்த்து, அசையுதோ அசையுதோ எண்டு..."

இந்திராதேவிக்கு சமாதானம் சொல்ல வாய் உன்னியது. அடக்கிக்கொண்டார். இந்த முறை அவள் சொல்லி முடிக்கட்டும் என்று இருந்தார். நிரோஜா சொன்னாள். நிறையச் சொன்னாள். அதெல்லாம் தாய்க்கும் மகளுக்கும் உள்ள கதை, நமக்கு வேண்டாம். வெயில் மாறி அரிசி மூட்டையில் நிழல் விழும்வரை சொன்னாள்.

எல்லாம் முடிந்த பிறகு இந்திராதேவி கேட்டார். "இப்ப சொல்லு. நான் வரட்டே, வேண்டாமே? வேண்டாமெண்டால் வேண்டாம். குறை நினைக்கமாட்டன்."

இது பச்சைப் பொய். ஆனால் சொல்லவேண்டிய பொய்தான்.

மகள் வேறு ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தக் கரவனிலை எத்தினை பேர் படுக்கலாம்?"

"ஏன்?"

"ரதீஸின்ரை அம்மா வாறா. மட்டக்களப்பிலையிருந்து. மூண்டு மாச விசா கிடைச்சிட்டுது, புதன்கிழமை பின்னேரம் பிளேன்." நிரோஜா கொஞ்சம் தயங்கினாள். "நான்தான் கூப்பிட்டனான் அம்மா. பிள்ளைப்பெறு பார்க்க. உங்களை வேண்டாமெண்டிட்டு... வேறை ஆரைக் கேக்கிறது?"

இதுதான் இந்திராதேவிக்கு அன்றைக்கு விழுந்த அடி. எடைத்தட்டெல்லாம் இதற்கு முன்னால் தூசு. தன் மகளின் பிள்ளைப்பெறு. தான் இருக்கும்போது, கால் கை நல்லாக இருக்கும்போது, சம்பந்தி யோகாம்பாள் கடல் தாண்டி வந்து பார்க்கப்போகிறா! பொறாமை வந்து முன்னால் நின்றது. நிற்காதா? எந்தத் தாய்க்கும் நிற்கும். யாரும் அதற்காக அவரைக் குற்றம் சொல்லவேண்டாம்.

"அவ எங்கை படுப்பா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சோபாவிலைதான்."

"சோபாவிலையோ! அறுவத்தைஞ்சு வயசு மனிசியை, முதுகுவருத்தக்காரியை, மூண்டு மாசம் சோபாவிலையோ படுத்தப்போறியள்? உங்களுக்கென்ன விசரே ரெண்டு பேருக்கும்?"

அதே நேரம் கரவனுக்குள் திருகாணி கழருகிற கிரீச் சத்தம் கேட்டது. ரைல்ஸை நிறுத்தச் சொன்னதால் வரதராசா சும்மா இருக்கவில்லை. இரண்டாவது கட்டிலில் கை வைத்திருந்தார்.

"டேய் தம்பி! கட்டிலை விடு!"

"அப்ப பாரம்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அலுமாரியைக் கழட்டு. கதவைக் கழட்டு. என்னத்தையாவது கழட்டு, கட்டிலிலை கை வைக்காதை! சம்பந்திக்கு வேணும்!"

போனில் நிரோஜா சிரித்தாள். அழுத மூக்கோடு ஒரு சிரிப்பு. இந்திராதேவி போனைக் காதோடு இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"அம்மா."

"சொல்லு பிள்ளை."

"மாமி நல்லவ. அவவோடை எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனா..." குரல் இறங்கியது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்த நாட்களில் வருகிற குரல் அது. "புதன்கிழமைக்கு முதல் வாங்கோ. அவ வந்து இறங்கேக்கை நீங்கள் இஞ்சை நிக்கோணும். எனக்கு என்ரை அம்மா முதல் வரோணும்."

இந்திராதேவி சேலைத் தலைப்பைத் தேடினார். அன்றைக்கு அவர் கட்டியிருந்தது கால்சட்டை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரவனுக்குள் எட்டிப் பார்த்தார். பாதி ரைல்ஸ் உடைந்து, பாதி உடையாமல், நடுவில் பசை ஒட்டிய பலகை கிழிந்து கிடந்தது. எடைக்காரர் பூட்டுவதற்கு இன்னும் ஒன்றேகால் மணித்தியாலம். இறக்கிய சாமான் அத்தனையும் வெயிலில் கிடந்தது. வேலையிடத்தில் லீவு எழுதியிருந்தது வியாழக்கிழமையிலிருந்துதான்.

"செவ்வாய்க்கிழமை பின்னேரம் உன்ரை வாசலிலை நிப்பன்," என்றார்.